உள்ளிருந்து திறக்கும் கதவு



தீபாவளிக் கூட்டம் கடைவீதிகளை நிறைக்கத் தொடங்கிவிட்டது. புடவை, பட்டாசு, பலகாரம் என்று இந்த இதழ் முழுக்கப் பண்டிகை மணக்கிறது. அவற்றை எல்லாம் பக்கங்களில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி. பெயரையும் ஊரையும் நான் வெளியிடப் போவதில்லை. சொல்லியிருப்பது இவ்வளவுதான்: கடைக்குப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது. பண்டிகைச் சரக்கு வந்து இறங்கியதும் அதில் மேலிருந்து கீழ்வரை மூட்டை அடுக்கிவிட்டார்கள். கீழே உள்ள கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், சாவி முதலாளியின் மேஜையில் இருக்கும். கேட்டால், "திறந்து வைத்தால் அந்த வழியாகச் சரக்கு போய்விடும்" என்கிறார்களாம். "மேல்மாடியில் நிற்கும் எங்களுக்கு ஏதாவது ஆனால் எப்படி இறங்குவது ஐயா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவருடைய கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

அந்த முதலாளியைக் கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கடை நடத்துகிறவருக்குத் திருட்டு என்பது அன்றாடக் கவலை. மாலையில் கணக்குப் பார்த்தால் நான்கு புடவை குறைகிறது, மறுநாள் இரண்டு சட்டை காணோம். நெருப்போ, அவர் ஆயுளில் ஒருமுறைகூட வராமல் போகலாம். தினமும் கண்ணில் படுகிற நஷ்டத்துக்குப் பூட்டு வாங்குகிறார், கண்ணில் படாத ஆபத்தை மறந்துவிடுகிறார். மனித மனம் அப்படித்தான் இயங்குகிறது. விதிகள் என்று எழுதி வைத்திருப்பது அதனால்தான். மறக்கக்கூடியதை மறக்க விடாமல் செய்வது அவற்றின் வேலை.

இந்தப் பூட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் ட்ரையாங்கிள் என்ற நிறுவனத்தின் தையல் ஆலை இயங்கிவந்தது. பெண்களுக்கான சட்டைகள் தைக்கும் இடம். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வேலை முடியும் நேரத்தில் எட்டாம் தளத்தில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் குவிந்திருந்த வெட்டுத் துண்டுகளில் தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்துக்குச் சேதி வந்து சேர்ந்தபோது நெருப்பும் கூடவே வந்துவிட்டது. அங்கே இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்றைத் தீ மறித்துக்கொண்டது. மற்றதன் கதவு பூட்டியிருந்தது. துணியை யாரும் எடுத்துப் போகாமல் பையைச் சோதித்து அனுப்புவதற்காக எல்லோரையும் ஒரே வாசல் வழியாக விடுவது அங்கே வழக்கம். வெளிப்புறமாகப் பொருத்தியிருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர்.

அன்று தெருவில் நின்று இதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற இளம் சமூக சேவகி. ஜன்னலில் இருந்து குதித்தவர்களைக் கண்ணால் கண்டவர். தொழிற்சாலைகளை ஆராய மாநிலம் அமைத்த விசாரணைக் குழுவின் பணியில் சேர்ந்து, கட்டடங்களில் ஏறி இறங்கி, கதவுகளையும் படிக்கட்டுகளையும் நேரில் பார்த்து, சட்டங்கள் வரக் காரணமாக இருந்தார். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். உலகம் முழுக்க இன்று தீப் பாதுகாப்பு விதிகளில் "வெளியேறும் வழி" என்று தனி அத்தியாயமே இருப்பதற்கு அந்த ஒன்பதாம் தளமும் ஒரு காரணம்.

அதோடு முடிந்திருந்தால் இதை வரலாறு என்று சொல்லி விட்டுவிடலாம். 101 ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 24 அன்று, டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடை ஆலை எரிந்தது. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நூலும் துணியும் குவித்து வைத்திருந்த கிடங்கில் தீ தொடங்கியது. அபாய மணி அடித்தது. ஆனால் மேற்பார்வையாளர்கள், ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லித் தொழிலாளர்களை இயந்திரங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். படிக்கட்டு இல்லாத கட்டடம் அல்ல அது. இருந்த படிக்கட்டுகள் எல்லாம் கீழே அந்த எரியும் கிடங்கில்தான் போய் இறங்கின. இழுத்துச் சாத்தும் இரும்பு கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. ஜன்னல்களில் கம்பி. அடுத்த ஆண்டு அதே நாட்டில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் மடிந்த பிறகு, மேலை நாட்டுத் துணி நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வங்கதேச ஆலைகளுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆய்வாளர்கள் ஆலை ஆலையாகப் போய் முதலில் அகற்றச் சொன்னவற்றில் ஒன்று, வெளியேறும் வழிகளில் இருந்த பூட்டும் இரும்பு கேட்டும்தான். திருப்பூரிலும் கரூரிலும் இதைப் படிக்கும் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தஸ்ரீன் ஆலையின் அமைப்பை அவர்கள் ஏற்கெனவே மனதில் வரைந்து பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் கடைக்காரர் திருட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேலாக அதற்கு விடை இருக்கிறது. பெரிய தியேட்டர்களிலும் மால்களிலும் கதவின் குறுக்கே, இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கம்பி பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையாலோ இடுப்பாலோ தள்ளினால் போதும், கதவு திறந்துகொள்ளும். வெளியிலிருந்து அதே கதவைச் சாவி இல்லாமல் திறக்க முடியாது.

அந்தக் கம்பி பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1903 டிசம்பர் 30, சிகாகோ. இரோக்வாய் தியேட்டர் திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தீயே தொடாத அரங்கம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் பகல் காட்சிக்குக் குழந்தைகளும் தாய்மார்களும் நிறைந்திருந்தார்கள். மேடை விளக்கிலிருந்து தெறித்த பொறி திரைச்சீலையைப் பற்றியது. தீயைத் தடுக்க இறங்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுகள் அலங்காரத் திரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. கண்டுபிடித்துப் போனவர்களுக்கும் அந்தத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. 602 பேர் இறந்தார்கள். இண்டியானாபொலிஸ் நகரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளராக இருந்தவர் கார்ல் பிரின்ஸ்லர். அந்தக் காட்சிக்குப் போக வேண்டியவர், வேலை காரணமாகப் போக முடியாமல் போனது. தப்பித்தோம் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும், பதற்றத்தில் இருந்தாலும், இருட்டில் இருந்தாலும், தள்ளினால் திறக்கிற ஒரு பூட்டு வேண்டும் என்று யோசித்தார். ஹென்றி டுபான்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கினார். 1908இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு அதோடு ஒரு மணியையும் இணைத்துவிடலாம். கதவை யார் தள்ளினாலும் கடை முழுக்கக் கேட்கும்படி அடிக்கும். திருடன் அந்த வழியாகச் சத்தமில்லாமல் போக முடியாது. உயிர் தப்ப ஓடுகிறவருக்கு மணி அடிப்பதைப் பற்றிக் கவலை இல்லை. கடைக்கு ஆகும் மற்றச் செலவுகளை எண்ணிப் பார்த்தால் இது பெரிய தொகையும் அல்ல.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970இல் முதலில் வந்தது. இப்போது வழக்கில் இருப்பது 2016 பதிப்பு. அதன் நான்காம் பகுதி முழுவதும் தீயிலிருந்து உயிர்காப்பதைப் பற்றியது. நூற்றுக்கணக்கான விதிகள், அட்டவணைகள். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது சிலதான். வெளியேறும் கதவு, யார் வெளியேறுகிறார்களோ அவர்கள் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஓடும் திசையில், அதாவது வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கடையின் எந்த மூலையில் நின்றாலும் ஏறத்தாழ 30 மீட்டருக்குள் ஒரு வெளிவழி இருக்க வேண்டும். லிப்ட்டையும் எஸ்கலேட்டரையும் வெளியேறும் வழி என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்தத் தொகுப்பு தானாகவே சட்டம் ஆகிவிடுவதில்லை. தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு என்பதால், மாநில விதிகள் ஏற்றுக்கொள்ளும்போதுதான் கட்டாயமாகிறது. தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அடுக்குமாடி உயர்கட்டடம் என்று கொண்டு கடுமையான நிபந்தனைகள் வருகின்றன.

ஆகவே நம்மிடம் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தீயணைப்புத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கும் நாளில் அந்த விதிப்படி கட்டடம் இருக்கிறது. படிக்கட்டு காலியாக இருக்கிறது, கதவு திறக்கிறது, அதிகாரி பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பிறகு ஆண்டு முழுக்க அங்கே வாழ்க்கை நடக்கிறது. அந்த வாழ்க்கையில்தான் படிக்கட்டு கிடங்காகிறது, நடைபாதையில் இன்னொரு கவுன்ட்டர் முளைக்கிறது. டெல்லி உபஹார் தியேட்டரில் நடந்தது இதுதான். 1997 ஜூன் 13 அன்று தரைத்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்து, புகை மேலே பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக அங்கே வலப்பக்க வழி முன்னரே அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீக்காயம் பட்டவர்கள் அல்ல, மூச்சுத் திணறி இறந்தவர்கள். தங்கள் இரு பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் மற்றக் குடும்பங்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படி ஏறினார்கள். அவர்கள் கேட்டது பிள்ளைகளுக்கான நீதி மட்டுமல்ல, நாளை அதே மாதிரி அரங்கத்துக்குப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கான பாதுகாப்பும்தான்.

புகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெருப்பு என்றதும் நம் மனதில் வருவது ஜ்வாலை. கொல்வது பெரும்பாலும் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அது அடர்ந்திருந்தால், இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்தாலே கால் தள்ளாடும். நைலான் துணியும் மெத்தைகளில் இருக்கும் நுரையும் எரிந்தால் அதோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்கிறது. கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அன்று கீழ்த்தளத்தில்தான் தீ. வண்டி நிறுத்த ஒதுக்கிய அந்த இடத்தில் எரியக்கூடிய பொருள்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். புகை மாடிமாடியாக ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. படுக்கையில் இருந்த நோயாளிகள் உட்படத் தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். நெருப்பு அவர்களை நெருங்கவே இல்லை. படிக்கட்டைச் சுவராலும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவாலும் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தக் கதவு காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் என்று செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தால், படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும்.

நம் ஊரிலும் பாடம் குறைவில்லை. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்தோம். மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கூரைக்குத் தாவிய தீ, ஏறி இறங்கக் குறுகலான படிக்கட்டு. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் பல மாடி ஜவுளிக்கடை நாள் முழுக்க எரிந்து, ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. அது விடிவதற்கு முன் பிடித்த தீ. வாடிக்கையாளர் ஒருவரும் உள்ளே இல்லை. அதே தீ அன்று மாலை ஏழு மணிக்குப் பிடித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் வருகிறது. 2020இல் தீபாவளிக்கு முந்தின இரவு மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடை ஒன்று பற்றி எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்கள். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த காலையில் அந்த இரண்டு வீடுகளுக்கு அந்தச் சேதி போனது. ஒரு கடையை ஒழுங்காக வைத்திருப்பதில் வாடிக்கையாளர் உயிரோடு இவர்கள் உயிரும் அடங்கியிருக்கிறது.

கட்டடத்துக்குள் பொருத்தியிருக்கும் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நல்ல கருவிகள்தான். கூரையில் தெரியும் ஸ்பிரிங்க்ளரைப் பாருங்கள், சிறிய கண்ணாடிக் குமிழில் சிவப்புத் திரவம் இருக்கும். அது 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெடித்து நீரைத் திறந்துவிடும். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லா இடத்திலும் மழை பொழியாது. எந்தக் குமிழ் சூடாகிறதோ அது மட்டும்தான் திறக்கும். சரக்கு நனைந்து பாழாகிவிடும் என்று பயந்து வேண்டாம் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் குழாயில் அழுத்தம் இருந்தால்தானே நீர் வரும்? அழுத்தத்தைக் காக்க ஜாக்கி பம்ப் என்று ஒரு சின்ன பம்ப். நீர் வேகமாகக் குறைந்தால் பெரிய மின் பம்ப் தானாக ஓட வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் டீசல் பம்ப். மூன்றின் சுவிட்சும் தானாக இயங்கும் 'ஆட்டோ' நிலையில் இருக்க வேண்டும். எங்கோ குழாயில் ஒரு கசிவு, ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது, மின் கட்டணம் ஏறுகிறது, யாரோ ஒருவர் சுவிட்சை ஆஃப் செய்துவிடுகிறார். கசிவைச் சரிசெய்வோம் என்று சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். டீசல் பம்பின் பேட்டரி ஓசையில்லாமல் செத்துப்போகிறது. புகை உணரும் கருவி தூசிக்கெல்லாம் கத்துகிறது என்று அதன் மணியை அமர்த்திவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்திருக்கும். எல்லாம் சேர்ந்து, பல லட்சம் கொட்டி வாங்கிய பாதுகாப்பைச் சுவரில் மாட்டிய படமாக்கிவிடுகின்றன.

கடை உரிமையாளர்களே, கூட்டம் உச்சத்தைத் தொடுவதற்குள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். மேனேஜரை அனுப்பாமல் நீங்களே மேல்மாடிக்குப் போய், பின்படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி, தெருவை அடைய முடிகிறதா என்று பாருங்கள். வழியில் மூட்டை இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பூட்டைக் கழற்றிவிட்டு, தள்ளினால் திறக்கும் கம்பியையும் மணியையும் பொருத்துங்கள். பம்ப் அறைக்குள் நுழைந்து சுவிட்ச் எதில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தீயணைப்பான் உருளையின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, அதை எடுத்து இயக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறாரா என்று கேளுங்கள். அருகில் உள்ள தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் பணியாளர்களுக்கு வந்து செய்து காட்டுவார்கள்.

வாங்கப் போகும் நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தைகளோடு ஒரு மாடிக்குப் போனதும், புடவையைப் பார்ப்பதற்கு முன் இரண்டாவது வழி எங்கே என்று பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் மேனேஜரிடம் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள், ஒரே நாளில் பத்துப் பேர் கேட்டால் மூட்டை நகரும். புகை வந்தால் லிப்ட்டை நோக்கி ஓடாதீர்கள். குனிந்து, தரையை ஒட்டிய காற்றில் நகருங்கள். அழைக்க வேண்டிய எண்கள் 101, 112.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி அம்மா. வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. நேராகக் கேட்க முடியாவிட்டால் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதலாம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் குடும்பத்தார் யாரேனும் மனு கொடுக்கலாம். அதுவும் கடினம் என்றால் கடையின் பெயரையும் தெருவையும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் வெளியே வராமல், நாங்களே உரிய அலுவலருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இதே நிலையில் வேலை பார்க்கும் மற்ற வாசகர்களுக்கும் இந்த வார்த்தை பொருந்தும். தீபாவளி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்